காப்பிச் சக்கையில் சோப்பு

இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி கர்நாடகத்தில் விளைகிறது. குடகு, சிக்கமகளூரு மலைகளில் காப்பித் தோட்டங்கள் அதிகம். அங்கே பல வீடுகளில் பில்டர் காப்பி உண்டு. டிகாஷன் இறங்கியதும் சக்கை குப்பைக்குப் போகும். அதைச் சோப்பில் சேர்க்கலாம். சக்கை நறநறவென்று இருக்கும். கையில் ஒட்டிய மண்ணையும் பிசுக்கையும் தேய்த்து எடுக்கும்.

முதலில் சக்கையை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரமாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 80 கிராம், தண்ணீர் 170 கிராம், உலர்ந்த சக்கை ஒரு மேசைக்கரண்டி. இவ்வளவுதான் வேண்டும். முதல் மூன்றையும் தராசில் நிறுத்து எடுங்கள். எண்ணெயை லிட்டரில் அளக்காதீர்கள். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் அரை கிலோ இராது. சுமார் 460 கிராம்தான் இருக்கும். எண்ணெய் குறைந்து சோடா மிஞ்சினால் சோப்பு தோலைப் புண்ணாக்கும்.

காஸ்டிக் சோடா சமையல் சோடா அல்ல. இது பொல்லாதது. தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள்.

வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பு இல்லாமலே கரைசல் மிகவும் சூடாகும். அந்த ஆவியை முகராதீர்கள்.

மேலே பட்டுவிட்டால் உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறு தடவ வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மீதிச் சோடாவைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைக்கவே கூடாது. மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அதன்மேல் "காஸ்டிக் சோடா - விஷம்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கரைசல் ஆறி இளஞ்சூட்டுக்கு வரட்டும். எண்ணெயும் அதே சூட்டில் இருக்கட்டும். எண்ணெயில் கரைசலை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். கையால் கிளறினால் நேரம் பிடிக்கும். தோசைமாவுப் பதம் வந்ததும் சக்கையைப் போடுங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றுங்கள். கெட்டியானதும் அன்றைக்கே வெட்டுங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். பிறகு வெட்டினால் உடையும். அப்போதும் கையுறை வேண்டும்.

வெட்டிய தேதியை ஒரு தாளில் எழுதி அருகில் வையுங்கள். காற்றாட நான்கு வாரம் காய்ந்த பிறகே பயன்படுத்தலாம். காப்பி மணம் பெரும்பாலும் தங்காது. பழுப்பு நிறம் இருக்கும். இது கை கழுவும் சோப்பு. முகத்துக்கு வேண்டாம், சக்கை கீறும்.