சமவெளிக் கால்களும் எழுபது வளைவுகளும்

கூத்தாநல்லூரில் சைக்கிள் பழகியவருக்கு மேடு என்றால் ஆற்றுப்பாலத்து ஏற்றம்தான். தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேலே ஐம்பது, அறுபது மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து திருவாரூர் வந்து சேர்வதற்குள் அந்த உயரம் பத்து மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் சரிவு. வெண்ணாற்றுத் தண்ணீர் ஓடுவதற்கு அது போதும்; மிதிப்பவரின் காலுக்கு அது தெரியவே தெரியாது.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் சைக்கிளில் வெளியூர்ப் பயணம் கிளம்பி, திருச்சி, முசிறி, நாமக்கல் என்று காவிரியை எதிர்த்துப் போய் ஒரு மலையடிவாரத்தில் நிற்கும்போது ஒரு கேள்வி வரும்: ஏறுவதா, வேண்டாமா? கொல்லிமலையில் ஏறலாம் என்று முடிவு செய்து ஏறியிருக்கிறேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து வேறு வழியில் போயிருக்கிறேன். இரண்டு முடிவுகளுமே எனக்கு நிறைவு தந்தவை. மலையைப் பார்த்ததும் வரும் உற்சாகமும் கூட வருபவர்களின் வற்புறுத்தலும் இந்த முடிவை எடுக்கக் கூடாது. முந்தின இரவே, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். அதற்கு நான் பார்க்கும் விஷயங்கள் இவை.

வளைவை எண்ணாதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

கொல்லிமலை என்றதும் எல்லோரும் சொல்வது எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத்தான். ஏற்காட்டுக்கு இருபது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலைக்குப் பதினான்கு. இந்த எண்களை நம்பினால் குன்னூர்ச் சாலை எளிது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1,500 மீட்டர். வளைவு அதிகமாக இருந்தால், சாலையை வளைத்து வளைத்து நீட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள்.

ஏற வேண்டிய உயரத்தைச் சாலையின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். கொல்லிமலையில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மலைப்பாதையில் 1,000 மீட்டர் ஏறுகிறோம். சராசரிச் சரிவு நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து. இது பழகிய காலுக்கு முடியும். சராசரி எட்டைத் தொட்டால் யோசியுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே நீலகிரி மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு. அதை ஏற ரயிலுக்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் தேவைப்படுகிறது. சுமையேற்றிய சைக்கிளில் அந்தச் சரிவு தொடர்ந்து வந்தால், இறங்கித் தள்ளும் நேரத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஊர் வேகத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள்

காற்றில்லாத நாளில் மன்னார்குடிச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகம் தரும் அதே உழைப்பு, நூற்றுக்கு ஐந்து சரிவில் ஏழு கிலோமீட்டர் வேகம்தான் தரும். ஆக, 20 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு மிதிக்க மட்டும் மூன்று மணி நேரம். நிற்க, தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க இன்னும் ஒரு மணி நேரம். விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். விடியும் முன் கிளம்ப வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போவது போன்ற காட்டுச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. சோதனைச்சாவடியில் நேரமும் நிலைமையும் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது.

கியரை எண்ணிப் பாருங்கள்

முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பற்களையும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். இரண்டும் சமமாகவோ, பின்னது கூடுதலாகவோ இருந்தால் அந்த சைக்கிள் சுமையோடும் மலை ஏறும். நம் ஊரில் ஓடும் கியரில்லாத சாதாரண சைக்கிளில் முன்பல் பெரும்பாலும் பின்பல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அது சமவெளிக்கு அருமையான வண்டி. ஆனால் மலையில் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

சுமையையும் குறையுங்கள். நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ அறை எடுத்துப் பைகளை வைத்துவிட்டு, தண்ணீர், கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைப் பொடி, மாற்று ட்யூப், பம்பு, மழைக்கோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுவது வேறு அனுபவம். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் பயணம் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே ஏற்றம் முடிந்தது.

டெல்டா தந்த பயிற்சியும் தராத பயிற்சியும்

மலை இல்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆடிக்காற்று இருக்கிறதே! ஆடி மாதத்தில் கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடிக்கு மேற்கே மிதித்துப் போனவருக்கு மலை என்ன கேட்கிறது என்று ஓரளவு தெரியும். எதிர்க்காற்றில் ஒரு கணம்கூடக் காலை நிறுத்த முடியாது. நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மலை ஏற்றமும் அதே பொறுமையைத்தான் கேட்கிறது: மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேசும் அளவுக்கு நிதானமாக, நிறுத்தாமல், மணிக்கணக்கில் மிதிப்பது. ஒரு மணி நேரம் எதிர்க்காற்றில் ஒரே சீராக மிதிக்க முடிந்தால் கொல்லிமலைக்கு உங்கள் கால் தயார்.

ஆனால் இறங்குவதை டெல்டா சொல்லித்தராது. என் பார்வையில் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இறக்கம்தான், ஏற்றம் அல்ல. ஏற்றத்தில் களைத்தால் இறங்கி நிற்கலாம். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் நிற்க இடமில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, அடுத்த வளைவுக்கு முன் மறுபடி அழுத்த வேண்டும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். பேருந்து வளைவில் திரும்பச் சாலை முழுவதும் வேண்டியிருக்கும். ஹார்ன் கேட்டால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் கை விறைத்து பிரேக் பிடிக்க வராது. இறங்கும் முன் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டால் குளிர்காற்று உறைக்காது.

கல்லட்டியை நான் தவிர்த்தது இந்தக் கணக்கினால்தான். 36 கொண்டை ஊசி வளைவுகளோடு மசினகுடிக்குச் செங்குத்தாக இறங்கும் சாலை அது. என்னிடம் இருந்ததோ ரிம் பிரேக்கும் முழுச் சுமையும். நீளமானாலும் கூடலூர்ச் சாலையில் இறங்கினேன்.

திரும்பும் இடத்தை முன்பே குறியுங்கள்

கொல்லிமலையில் ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதியிருக்கும். முப்பத்தைந்தாவது வளைவை இத்தனை மணிக்குள் தொடாவிட்டால் திரும்பிவிடுவேன் என்று அடிவாரத்திலேயே நேரம் குறித்துக்கொண்டேன். களைப்பும் ஆசையும் சேர்ந்திருக்கும் நேரத்தில் சரியான முடிவு எடுப்பது கடினம்; எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது எளிது. அடிவார டீக்கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மேலே மழை பெய்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும், பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரி தெரியாது. அப்போது ஏறவே வேண்டாம். தேவைப்பட்டால் ஒரு குட்டியானை வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலையைப் பார்த்துவிட்டு வரலாம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் எப்படி வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

பயணத்தில் மலை ஒரு நாள். அதற்குப் பிறகு வரும் நாட்களிலும் மிதிக்க வேண்டும். முழங்காலைக் கெடுத்துக்கொண்டு மீதிப் பயணத்தை இழப்பதைவிட, ஊருக்கு வந்து அடுத்த ஆடிக்காற்றில் இன்னும் பழகிவிட்டுப் போவது நல்லது. உயரம், கியர், பிரேக், வானிலை, நேரம் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால் தயங்காமல் ஏறுங்கள். ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள். முதல் மலையாகக் கொல்லிமலையையே சொல்வேன். குன்னூர்ச் சாலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.