கேள்வி-பதில்: வீட்டுக்குள் ஏன் இத்தனை தாமதம்?

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று எடுத்த வீடியோக்களை லேப்டாப்பிலிருந்து மேஜைக் கணினிக்கு வைஃபையில் அனுப்பினால் மணிக்கணக்காகிறது. இன்டர்நெட் வேகத்தைக் கூட்டலாமா? — ஒரு வாசகர், திருவண்ணாமலை.

பதில்: வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கோப்பு வெளி இணைப்பைத் தொடுவதே இல்லையாதலால், அதற்கென்று மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுவது வீண் விரயம். இரு கணினிகளும் கம்பியின்றிப் பேசும்போது ஒவ்வொரு துணுக்கும் முதலில் ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து அதே ஆகாய மார்க்கமாக மறுபடி திரும்ப வேண்டியிருப்பதால், வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் நடைமுறையில் 1, 6, 11 என மூன்றே. தாங்கள் தேரடி வீதிப் பக்கம் வசிப்பவராயின், சுற்றியுள்ள லாட்ஜுகள் யாவும் அம்மூன்றிலேயே நெரிசலிடும். (பௌர்ணமியன்று கேட்கவே வேண்டாம்!) 5 கிகாஹெர்ட்ஸில் இடம் விசாலம், ஆயினும் பழைய வீட்டுக் கனத்த சுவர்களை ஊடுருவ அது சிரமப்படும் என்பதால், ரவுட்டரை அலமாரியிலிருந்து விடுவித்துக் கூடத்தில் உயரமாக வையுங்கள்.

எல்லாவற்றிலும் சிலாக்கியமானது, மேஜைக் கணினியை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு பிணைத்துவிடுவதே. ஆனால் வாங்குமுன் ரவுட்டரின் போர்ட்டைக் கவனியுங்கள்: 100 மெகாபிட் போர்ட்டில் விநாடிக்குப் 12 மெகாபைட்டுக்கு மேல் வராது.