சுங்காய் வெப்பத்தில் கோரிக் கெளுத்தி

அலங்கார மீன் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டடித் தொட்டியில் கப்பி, நியான் டெட்ரா ஆகியவற்றோடு நான்கு பாண்டா கோரிகளும் வளர்க்கப்பட்டன. தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்பட்ட மீன்கள் அவை. நாளடைவில் அவற்றின் மீசை குட்டையாகிவிட்டது. அடிக்கடி நீர்மட்டத்துக்குப் பாய்ந்து வாயைத் திறந்துவிட்டுத் திரும்புகின்றன. இரண்டு இறந்தும் போயின. நீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. குறை எங்கே?
(வாசகர், சுங்காய், பேராக்)

பதில்: கோரி என்று கடைகளில் சுருக்கி அழைக்கப்படும் கோரிடோராஸ், தென்னமெரிக்க ஆறுகளிலும் ஓடைகளிலும் கூட்டமாகத் திரியும் சிறு கெளுத்தியாகும். பெரும்பாலான வகைகள் 3 முதல் 7 சென்டிமீட்டர் வரையே வளர்கின்றன. செதில் இருக்க வேண்டிய இடத்தில், உடலின் இருபுறமும், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாக அமைந்துள்ளன. மணலுக்குள் மூக்கைப் புதைத்துப் புழுக்களையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தேடித் தின்பதே அவற்றின் வாழ்க்கைமுறை. மற்ற மீன்களின் கழிவை அவை உண்பதில்லை. கண்ணாடியில் படியும் பாசியையும் மேய்வதில்லை. மேலே நீந்தும் மீன்கள் தவறவிடும் இரையை அவை பொறுக்கித் தின்பது உண்மைதான் என்றாலும், கப்பியும் டெட்ராவும் பசியோடு சுற்றிவரும் தொட்டியில் அடிவரை வந்து சேரும் இரை மிகச் சொற்பமாதலால், சுத்தம் செய்ய வாங்கப்பட்ட கோரி பட்டினியால் இளைத்துப் போவது அரிதான செய்தியன்று.

எனினும் கேள்வியில் விவரிக்கப்பட்ட துன்பத்துக்கு முதற்காரணம் பட்டினியாகத் தோன்றவில்லை. வெப்பமே முதலில் ஐயத்துக்கு உரியது. 1971இல் அறிவியல் பெயர் பெற்ற பாண்டா கோரி, ஆண்டிஸ் மலைத்தொடரிலிருந்து நீர் இறங்கிவரும் பெரு நாட்டின் ஊக்காயலி ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரே அதற்கு உகந்தது. சுங்காய் போன்ற தாழ்நில ஊரில், மேலே மூடியும் விளக்கும் பொருத்திய ஒரு தொட்டியின் நீர் பிற்பகலில் 29 அல்லது 30 டிகிரியைத் தொடுவது இயல்பான நிகழ்ச்சி. டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து, ஜெனின்ஸ் 1842இல் விவரித்த புள்ளிக் கோரியும் இவ்வாறே குளிர்ந்த நீரை விரும்புவது. அதுவும் இங்குள்ள கடைகளில் தயக்கமின்றி விற்கப்படுகிறது. மீன் வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவையாதலால், நீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றி அவை பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. நீர் தேவைக்கு மேல் சூடாகிவிடுமே என்ற கவலை அவற்றில் ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. பேராக் வாசகர் அந்த அறிவுரையைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

வெப்பம் கூடக்கூட நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க இயலும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்குகிறது. அதே வேளையில் மீனின் உடல் இயக்கம் விரைவுபடுவதால் அதன் தேவை பெருகுகிறது. கோரி நீர்மட்டத்துக்குப் பாய்வது இதனோடு தொடர்புடையது. அது ஒரு மிடறு காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதியில் உள்ள இரத்தக் குழாய்கள் செறிந்த மெல்லிய சுவரின் வழியாக உயிர்வளியை உறிஞ்சிக்கொள்கிறது. குடற்சுவாசம் எனப்படும் இவ்வாற்றல் இக்குடும்பத்து மீன்களுக்கு இயல்பாகவே அமைந்தது. ஆகவே, எப்போதாவது ஒருமுறை மேலே வந்து செல்லும் கோரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா மீன்களும் மாறிமாறி வருமானால், நீரில் உயிர்வளி போதவில்லை என்றோ செவுள்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்றோ கொள்ள வேண்டும்.

நிவாரணம் எளிதுதான். தொட்டியைத் தகரக் கூரையின் தகிப்பும் மேற்குச் சன்னலின் வெயிலும் படாத சுவரோரத்துக்கு மாற்றுவதும், நீரின் மேற்பரப்பு இடைவிடாமல் கலங்கும்படி காற்றுக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியைப் பொருத்துவதும் போதிய பயன் தரும். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் சிறு மின்விசிறி, நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் குறைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த இந்நாட்டில் அக்குறைவு ஓரிரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்கத் தக்கதன்று. பனிக்கட்டி போடும் வழக்கம் வெப்பநிலையைத் திடீரென ஏற்றி இறக்குவதால் நன்மையைவிடத் தீங்கே மிகுதி. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் தடைப்படுவது பழகிப்போன ஊர்களில், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது விவேகம். கோரி குடற்சுவாசத்தால் தாக்குப்பிடித்தாலும் டெட்ராக்களால் அது இயலாது.

மீசை குட்டையானதற்குக் கூரிய சரளைக் கற்கள்தான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்கின்றனர். அது பாதி உண்மை. கல் கீறிய இடத்தில், அழுகிய இரையும் கழிவும் தேங்கிய அடித்தளத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் தொற்றி, மீசையை அடிவரை அரித்துவிடுகின்றன. சரளைக் கற்களின் இடுக்குகளில் அழுக்கு இறங்கித் தங்கிவிடுவதால் அங்கே இவ்விரு கேடுகளும் ஒன்றுசேர்கின்றன. இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பிய, விரல்களுக்கிடையே வழுவழுப்பாக நழுவும் மெல்லிய மணலே கோரிக்கு ஏற்ற தரை. அதை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து வெளியேற்றுவது அதன் இயற்கை. பேராக்கில் மணலுக்குப் பஞ்சமில்லை என்றாலும், பழைய ஈய லம்பங்களின் ஓரத்து மணலை அள்ளி வருவதைத் தவிர்க்க வேண்டும். ஈயத்தாதைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் 'அமாங்' எனப்படும் கனிமக் கழிவில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருப்பதுண்டு. மோனசைட் கதிரியக்கம் உடையது. நீச்சல்குள வடிகட்டிக்கென விற்கப்படும் மணலைத் தெளிந்த நீர் வரும்வரை அலசிப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

இனி, கண்ணாடிபோல் தெளிவான நீர். தெளிவுக்கும் நலத்துக்கும் தொடர்பு குறைவு, அமோனியா நிறமற்றது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் நிகழும்போது நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கி நிற்கும் கார்பனேட் உப்புகளின் இருப்பு, செலவாகிக்கொண்டே வருகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை கரைகிறது. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கற்பாறைகளிலிருந்து இறங்கிவரும் நீர் மென்னீராக, உப்புகள் குறைந்ததாக இருப்பதால் இந்த இருப்பு விரைவில் தீர்ந்துவிடுகிறது, பி.எச். அளவு 6க்குக் கீழே சரிகிறது, பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகின்றன, அமோனியா சேர்கிறது. அமிலநீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன்கள் சில வாரம் தாக்குப்பிடிக்கும். உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாகப் பாதித் தொட்டியைக் காலிசெய்து, சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்துப் பி.எச். உயர்த்தப்பட்ட குழாய்நீரை ஊற்றும்போது, அந்த அம்மோனியம் நச்சு அமோனியாவாக மாறிவிடுகிறது. தொட்டியைக் கழுவிய மறுநாள் மீன் செத்தது என்று கூறப்படும் பல கதைகளின் உட்பொருள் இதுவே.

ஆகவே வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கி கலந்து, மாற்றிவருவது நன்று. காரத்தன்மை மிகக் குறைந்திருந்தால், நொறுக்கிய பவளத் துண்டு ஒரு பிடியை வலைப்பையில் கட்டி வடிகட்டியில் வைக்கலாம். ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சிறு துண்டும் இதே வேலையைச் செய்யும். அக்கல்லைக் கொண்டே தொட்டிக்குள் குன்று கட்டுவது நீரை வேண்டாத அளவுக்குக் கடினமாக்கும். கெத்தாப்பாங் எனப்படும் நாட்டுவாதுமையின் காய்ந்த இலையை ஊறவைப்போர், அது அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதை மறக்கலாகாது. எந்நோய்க்கும் கல் உப்பு என்ற வழக்கமும் கோரித் தொட்டிக்குப் பொருந்தாது.

கேள்வி: அப்படியானால் இங்குள்ள வெப்பத்துக்கு ஏற்ற வகை எது? எத்தனை மீன்கள், எவற்றோடு?

பதில்: ஸ்டெர்பா கோரி. பிரேசிலுக்கும் பொலிவியாவுக்கும் எல்லையாக ஓடும் குவாப்போரே ஆற்றைச் சேர்ந்ததும் 1962இல் விவரிக்கப்பட்டதுமான இவ்வகை 28 டிகிரி வரை நலமாக வாழ்கிறது. கருநிற உடலில் வெண்புள்ளிகளும் செம்மஞ்சள் நிறத் தோள்துடுப்புகளும் அதன் அடையாளம். விலை சற்றுக் கூடுதல். அது கிடைக்காதபோது, டிரினிடாட் தீவிலிருந்து 1858இல் அறியப்பட்ட வெண்கலக் கோரியைத் தேர்ந்தெடுக்கலாம். பல தலைமுறைகளாகத் தென்கிழக்காசியப் பண்ணைகளில் வளர்ந்து பழகிய அது சற்றுக் கூடுதலான வெப்பத்தையும் பொறுத்துக்கொள்கிறது. 2024இல் வெளிவந்த வகைப்பாட்டு ஆய்வு ஒன்று கோரிடோராஸ் பேரினத்தைப் பிரித்துவிட்டதால், ஸ்டெர்பாவும் பாண்டாவும் ஹோப்லிசோமா என்ற பெயரிலும் வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் என்ற பெயரிலும் இப்போது வழங்கப்படுகின்றன; கடைப் பெயர்ச்சீட்டுகள் மாற நெடுங்காலம் ஆகும்.

ஒரே வகையில் ஆறு மீன்களாவது இருத்தல் வேண்டும். இரண்டு பாண்டா, இரண்டு வெண்கலம் என்று கலந்து வாங்குவது கூட்டம் ஆகாது. தனித்து விடப்பட்ட கோரி மூலையில் பதுங்கிக் கிடக்கும், இரைக்கும் வெளிவராது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியின் தரைப்பரப்பு ஆறு கோரிகளுக்குப் போதும். தொட்டியின் உயரத்தால் அவற்றுக்குப் பெரும் பயன் இல்லை. நியான் டெட்ராவும் குளிர்நீரை விரும்புவதே என்பதால், அதற்கு மாற்றாகத் தீபகற்ப மலேசியாவிலும் இயற்கையாக வாழும் ஹார்லிக்குவின் ராஸ்போரா பத்துப் பன்னிரண்டை விடுவது இவ்வூர் நீருக்கும் வெப்பத்துக்கும் பொருந்தும். மலேசியாவில் உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார் போன்ற பெரிய மீன்களோடு ஒருபோதும் சேர்க்கலாகாது: கோரியின் முதுகுத் துடுப்பிலும் தோள்துடுப்புகளிலும் உள்ள முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும் தன்மையுடையவை, அதை விழுங்கிய மீன் தொண்டை அடைத்து இறக்க, விழுங்கப்பட்டதும் இறக்கிறது. இம்முட்கள் வலையிலும் சிக்குவதால் கோரியைக் கிண்ணத்தால் முகந்து பிடிப்பது நல்லது. தோள்துடுப்பின் அடியில் நச்சுச் சுரப்பி ஒன்று உண்டு. அச்சத்தில் அது கசிந்து பைநீரைக் கெடுப்பதாக நெடுநாள் வளர்ப்போர் கூறுவதால், ஈப்போவில் வாங்கிச் சுங்காய் வரை ஒரு மணி நேரம் கொண்டுவருபவர்கள் பையில் மீன்களை நெருக்காமல், நீரைத் தாராளமாக விட்டு, இரட்டைப் பையில் கட்டச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கோரிக்குத் தனி உணவு தேவையா? வாளியில் கொசுப்புழு வளர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: தேவை. மூழ்கும் குருணை உணவையோ உறைந்த இரத்தப்புழுவையோ விளக்கை அணைத்தபின் இடுவது, மேல்மட்ட மீன்கள் அதைப் பறித்துக்கொள்ளாமல் காக்கும். கொசுப்புழு கோரிக்கு மிகப் பிடித்த இரைதான். ஆனால் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடமளிப்பது குற்றம், டிங்கி அச்சமுள்ள நாட்டில் அச்சட்டம் நியாயமானதும்கூட. செம்பனைத் தோட்டத்து வடிகால்களில் புழு அள்ளிவருவோர் உரத்தையும் களைக்கொல்லியையும் சேர்த்தே கொண்டுவருகின்றனர்.

கேள்வி: கோரிக்கு மாற்றாக, ஆற்றில் பிடித்த கெளுத்திக் குஞ்சையோ பண்டாராயா மீனையோ விடலாமா? பெரிதானால் ஆற்றிலேயே விட்டுவிடலாமல்லவா?

பதில்: இரண்டுமே கூடா. இக்கான் கெலி எனப்படும் ஆற்றுக் கெளுத்தி இரவில் வேட்டையாடுவது. விரலளவு இருக்கும்போது சாதுவாகத் தோன்றினாலும், சில மாதங்களில் ராஸ்போராக்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். பண்ணைகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெலியோ ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. பண்டாராயா மீன் தென்னமெரிக்காவிலிருந்து அலங்கார மீனாக வந்து, வளர்த்தோர் கைவிட்டதால் கிள்ளான், லங்காட் முதலிய ஆறுகளில் பெருகி, கரைகளைத் துளைத்து வாழும் அந்நிய இனமாகிவிட்டது. தொட்டிக்கு அடங்காத மீனை வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி உள்ள ஒருவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். சுங்காய் ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.