பெட்டிக்கு அடியில் யார் பெயர்?

கேள்வி: கோழித் தீவனம் பற்றி ஆய்வு செய்கிறேன். ஆறு தீவனங்களுக்கு ஆர் மென்பொருளில் பாக்ஸ் பிளாட் போட்டால், அச்சில் சில பெயர்கள் மட்டுமே தெரிகின்றன. மற்றவை எங்கே போயின? பெயர்களைத் தமிழிலும் போட வேண்டும். நேம்ஸ் என்ற இடத்தில் நானே எழுதிக் கொடுத்தால் போதுமா?
– ஆய்வு மாணவி

பதில்: எங்கும் போகவில்லை. ஒரு பெயர் இன்னொன்றின் மேல் ஏறிவிடும் என்றால் ஆர் அதை எழுதாமல் விட்டுவிடும். படத்தை இழுத்து அகலமாக்கினால் வந்துவிடும். ஆனால் ஆய்வேட்டின் பக்கத்தை அப்படி இழுக்க முடியாதே. எல்.ஏ.எஸ். மதிப்பை 2 என்று கொடுத்துப் பெயர்களைச் செங்குத்தாக நிறுத்துவது பலரும் செய்வது. கழுத்தைச் சாய்த்துப் படிக்க வைப்பதை நான் விரும்புவதில்லை. பெயர் நீளமென்றால் படத்தையே படுக்கப் போடுங்கள்: ஹாரிசான்டல் என்பதற்கு ட்ரூ, எல்.ஏ.எஸ்.ஸுக்கு 1. பெயர்கள் இடப்பக்கம் நேராக வரும். அவை வெட்டுப்படாமலிருக்க ஓரத்தை அகலப்படுத்த வேண்டும். ஓரங்களைக் குறிக்கும் எம்.ஏ.ஆர். அளவுகள் இயல்பாகக் கீழ், இடம், மேல், வலம் என்ற வரிசையில் 5.1, 4.1, 4.1, 2.1 என இருக்கும். இரண்டாவதை 8 ஆக்குங்கள், படம் வரைவதற்கு முன்பே.

நேம்ஸ் பற்றிக் கேட்டதுதான் முக்கியமானது. அங்கே தரும் பெயர்களை மென்பொருள் பெட்டிகளுக்கு வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். எந்தப் பெயர் எந்தத் தீவனத்துக்கு உரியது என்று பார்க்காது. ஆருடன் சேர்ந்தே வரும் சிக்வெயிட்ஸ் தரவை எடுத்துக்கொள்வோம், உங்கள் ஆய்வுக்கும் நெருக்கமானது. 71 கோழிக்குஞ்சுகள், ஆறு தீவனங்கள், ஆறு வார முடிவில் எடை. ஆங்கில அகரவரிசைப்படி கேசீன் முதலில், சூரியகாந்தி கடைசியில். அதே வரிசையில் தமிழ்ப் பெயர்களை எழுதி வைக்கிறீர்கள். பிறகு உங்கள் நெறியாளர், இடைநிலை அளவின்படி அடுக்கச் சொல்கிறார். ரீஆர்டர் கட்டளை போட்டதும் ஹார்ஸ்பீன் முதலிடத்துக்கு வருகிறது. அதன் இடைநிலை 151.5 கிராம், ஆறிலும் குறைவு. உங்கள் பட்டியலின் முதல் பெயரோ கேசீன்; அதன் உண்மையான இடைநிலை 342 கிராம், ஆறிலும் அதிகம். மிக மோசமான தீவனத்துக்கு மிக நல்லதன் பெயர் விழுந்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராது. படமும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆய்வின் முடிவு மட்டும் தலைகீழாகிவிடும்.

ஆகவே பெயரைத் தரவிலேயே மாற்றுங்கள், படத்தில் வேண்டாம். ஃபேக்டர் கட்டளையில், லெவல்ஸ் என்பதற்கு மூலப் பெயர்களையும் லேபிள்ஸ் என்பதற்கு அதே வரிசையில் தமிழ்ப் பெயர்களையும் கொடுங்கள். டேபிள் கட்டளையால் பழையதையும் புதியதையும் எதிரெதிரே வைத்து ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகு ரீஆர்டர் செய்தால், பெட்டி எங்கே நகர்ந்தாலும் பெயரும் கூடவே போகும்.

பெட்டியைப் பார்த்து அதில் எத்தனை குஞ்சுகள் என்று சொல்ல முடியாது. சிக்வெயிட்ஸில் சோயாவுக்கு 14, ஹார்ஸ்பீனுக்கு 10. அந்த எண்ணிக்கையைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எடை அச்சில் கிராம் என்ற அலகும் விடுபடக் கூடாது. படம் படுத்திருப்பதால் அதை எக்ஸ்-லேப் என்பதில் தர வேண்டும்.

சேமிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான பிடிஎஃப் கட்டளையில் தமிழ் எழுத்து சரியாக வராது. கெய்ரோ பிடிஎஃப் கட்டளையில் தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டுச் சேமித்து, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.