கத்திரி வெயிலில் குளிர்சாதன அறையும் நோயாளியும்

"அறையில் ஏசி ஓடிக்கொண்டுதானே இருந்தது, டாக்டர்?" கோடையில் தளர்ந்துபோன முதியவர்களை அழைத்து வரும் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. இயந்திரம் ஓடுவதும் அறை குளிர்வதும் ஒன்றல்ல என்பதை விளக்கவே இக்கட்டுரை.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. வெளிக்காற்று சூடேறச் சூடேற, கொட்டும் வேலை கடினமாகிறது. ஒரு டன், ஒன்றரை டன் என்று குறிக்கப்படும் திறன், பொதுவாக வெளி வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளக்கப்படுவதாகும். வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவதைக் காண்கிறோம். வெளி அலகு வைக்கப்பட்டிருக்கும் மொட்டை மாடியிலோ குறுகிய சந்திலோ சூடு இன்னும் அதிகம். ஆக, இயந்திரத்தின் திறன் குறையும் அதே பிற்பகலில், காங்கிரீட் கூரை வழியாக அறைக்குள் இறங்கும் வெப்பம் கூடுகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான்.

இந்நேரத்தில் ரிமோட்டில் 16 என்று வைப்பதால் பயனில்லை. அறை 30 டிகிரியில் நிற்கிறது என்றால், கம்ப்ரசர் ஏற்கெனவே தன்னால் இயன்ற அளவு உழைத்துக்கொண்டிருக்கிறது. 24 என்று வைத்தாலும் அதே குளிர்ச்சியே கிடைக்கும். பயன் தருபவை வேறு: இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவிக் காய வைத்தல், வெளி அலகைச் சுற்றிப் பொருட்களை அடுக்காதிருத்தல், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டுதல், வெயில் ஏறுமுன்னரே, காலையிலேயே அறையைக் குளிர வைத்தல். மாடி வீட்டில் இருப்போர், நோயாளியின் கட்டிலைக் கீழ்த்தளத்திற்கு மாற்ற முடிந்தால், அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

நோயாளிகளைப் பற்றித் தனியே கூறக் காரணம் உண்டு. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் "வியர்க்கிறது" என்று சொல்ல இயலாது. சில மனநல மருந்துகளும், சிறுநீர்ப்பைக்குத் தரப்படும் சில மருந்துகளும் வியர்வையைக் குறைக்கின்றன. சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் குறைக்கின்றன. ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. இதய, சிறுநீரக நோயாளிகள் கோடையில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை ரிமோட்டின் எண் காட்டாது. அது நம் விருப்பத்தை மட்டுமே காட்டும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சாதாரண அறை வெப்பமானியை வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு படுக்கும் முன்பும் பாருங்கள். மின்விசிறி மெதுவாகச் சுழல 26 அல்லது 27 டிகிரி இருந்தால் போதுமானது. 30ஐத் தாண்டி நின்றால், ஏசி ஓடினாலும் அதைச் சூடான அறையாகவே கருதி, ஈரத்துணியால் உடலை அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமை, தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றுடன் உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். தோல் வறண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்திருக்கவும் கூடும். பாராசிட்டமால் இச்சூட்டைத் தணிக்காது. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும்.

மின்தடைக்கும் ஆயத்தமாக இருங்கள். கதவு ஜன்னல் அடைத்த சிறிய அறை, இயந்திரம் நின்றதும் விரைவில் புழுங்கத் தொடங்கும். இன்வெர்ட்டர் பாட்டரிகள் பெரும்பாலும் மின்விசிறியை ஓட்டுமே தவிர ஏசியை ஓட்டா. ஆகவே நோயாளியை எந்த அறைக்கு, யார் துணையுடன் மாற்றுவது என்பதை இன்றே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.