வெயில் மேல் போடும் பழி

அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு நடுவே வாயடைத்துப்போய், முகப்பில் ‘ப்ரொடெக்ட்’ விளக்கு எரிந்தால் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெயில் தயாராக நிற்கிறது. மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர். சித்திரை, வைகாசியில் பிற்பகல் முழுக்க வெயிலைக் குடித்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். போதாததற்கு இது அக்னித் தலம், கிண்டலுக்கும் குறைவிருக்காது. “செட் சூடாயிடுச்சு, கொஞ்ச நேரம் நிறுத்தி வை” என்பதோடு விசாரணை முடிகிறது. ஆறவைத்ததும் செட் மறுபடி பாடிவிடுவதால் தீர்ப்பு சரி என்றே தோன்றும். ஆனால் வெயில் இதில் உடந்தைதான். முதல் குற்றவாளி பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயோ, ஸ்பீக்கர் ஒயரின் மறுமுனையிலோ இருக்கிறது.

கணக்கு எளிது. ஒரு வாட் வெப்பத்துக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட் சிங்க் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 40 வாட் வெப்பம் பிறந்தால், 30 டிகிரி அறையில் அது 70-க்குப் போகும்; 40 டிகிரி அறையில் 80-க்கு. கோடை சேர்த்தது 10, செட் தானே ஈன்றது 40. அதே செட்டைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்து மேலே துணியும் விரித்தால், அதைச் சுற்றியுள்ள காற்று அறையைவிட இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறிவிடும். பழியை மட்டும் வெயில் வாங்கிக்கொள்ளும். போன அக்னி நட்சத்திரத்தில் ஒழுங்காக ஓடிய செட் இந்த வருடம் அதே வெயிலில் நிற்கிறது என்றால், மாறியது வெயில் அல்ல.

அடுத்து வருவது, “சவுண்டைக் குறைத்து வை, சூடு குறையும்” என்ற யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடுகளில் மிகுதியாக உள்ள ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் அப்படி நடந்துகொள்வதில்லை. 100 வாட் செட் ஒன்று முழு வீச்சில் சீரான ஒலியைத் தரும்போது, ஏட்டுக் கணக்குப்படி சுமார் 127 வாட்டை மின்வழங்கியிலிருந்து இழுக்கும். வெப்பமாகப் போவது 27 வாட். ஒலியை 40 வாட்டுக்குக் குறைத்தால் இழுப்பது 81, வெப்பம் சுமார் 40 வாட். அதாவது பாதிக்கும் கீழே குறைத்த இடத்தில்தான் டிரான்சிஸ்டர்கள் அதிகம் வேகின்றன. எட்டில் ஒரு பங்குக்கு, 12.5 வாட்டுக்கு, இறக்கினாலும் வெப்பம் 32 வாட்டுக்கு மேல்தான் நிற்கிறது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல் கொண்டுவந்த விதி, ஆம்ப்ளிஃபயரின் திறனை அளக்கும் முன் மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றச் சொன்னது; அந்த இடம் அநேகமாக உச்ச வெப்பத்துக்குப் பக்கம். தயாரிப்பாளர்கள் முனகினார்கள், 2000-இல் அது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. பாட்டு என்பது சீரான ஒலி இல்லையே என்று கேட்கலாம். சரிதான். வீணைக் கச்சேரியில் ஏற்ற இறக்கமும் இடைவெளியும் உண்டு, சராசரி தாழ்வாகவே இருக்கும். இடைவிடாத நாதஸ்வரத்தையோ, சுழற்சியில் போட்டுவிட்ட நாமாவளியையோ பௌர்ணமி நாள் முழுக்க நடுத்தரச் சத்தத்தில் ஓட்டுவது வேறு கதை. மிகவும் தாழ்த்தினால் சூடு குறையும் என்பது உண்மை. கொஞ்சம் குறைத்தால் குறையும் என்பதுதான் நம்பிக்கை.

ஸ்பீக்கருக்கு வருவோம், ஏனென்றால் வழக்கு அநேகமாக இங்கேதான் தீரும். கூடத்தில் ஒரு ஜோடி, திண்ணையில் ஒரு ஜோடி என்று சேர்த்துக்கொண்டே போவதில் தப்பில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரே சானலில் இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை இணையாகக் கோத்தால் 4 ஓம்ஸ்; நான்கைக் கோத்தால் 2. சுமை பாதியானால் அதே வால்யூமில் மின்னோட்டம் இரட்டிப்பு, வெப்பமும் இரட்டிப்பு. சத்தம் மட்டும் அந்த அளவுக்குக் கூடியதாகக் காது ஒப்புக்கொள்ளாது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைக் கழற்றி, மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளிப்படும்: நல்ல 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6-ஐ ஒட்டிக் காட்டும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3-க்கு மேல். அதற்கும் கீழே காட்டினால் காயில் கருகியிருக்கலாம், அல்லது டெர்மினலில் ஒயரின் ஒரு இழை நீட்டிக்கொண்டு அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

ஸ்பீக்கரையெல்லாம் கழற்றிவிட்டு, பாட்டும் போடாமல் அரை மணி நேரம் செட்டை ஓட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் குறை உள்ளே: பயாஸ் மின்னோட்டம் எகிறியிருக்கிறது, அல்லது காதுக்கு எட்டாத அலைவரிசையில் சர்க்யூட் தானாக ஊசலாடுகிறது. டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடேறினால் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அதை ஈடுகட்டும் சின்ன டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கிலிருந்து கழன்று தொங்கினால், சூடு மின்னோட்டத்தையும் மின்னோட்டம் சூட்டையும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போகும். இதைச் சரிசெய்வது மெக்கானிக்கின் வேலை. சீரிஸ் பல்பு போட்டுத்தான் அவர் சப்ளையே கொடுப்பார்.

கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மாட்டினால் போதும் என்பவர்களிடம் ஒரு பாதி நியாயம் உண்டு. காற்றோட்டம் ஹீட் சிங்கை நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் ஹீட் சிங்க் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தும் செட் கட் ஆனால்? டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள மைக்கா தகட்டின் இருபுறமும் பூசிய பேஸ்ட் காய்ந்து, வெப்பம் உலோகத்துக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். டிடிஏ7294 போன்ற ஐசி தன் சில்லு 145 டிகிரியைத் தொட்டதும் தானாக வாயை மூடிக்கொள்ளும். வெளியே அதன் ஹீட் சிங்க் சாதுவாக இருக்கும். அங்கே ஃபேன் ஏற்கெனவே ஆறியிருப்பதைத்தான் ஆற்றும். லோ வோல்டேஜ் மீதும் சிலர் பழி போடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட்டில் அது தலைகீழ்: 230 வோல்ட் 253-ஆக ஏறினால் டிரான்சிஸ்டர்களின் உச்ச வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், இறங்கினால் குறையும்.

எல்லாம் முயன்ற பிறகு வருகிற ஆலோசனைதான் மோசமானது: “சென்சாரை ஷார்ட் பண்ணிவிடு.” சென்சார் கெடுவதுண்டு, இரவெல்லாம் ஆறிய செட் காலையில் சுவிட்ச் போட்ட கணமே வெப்பப் பிழை காட்டினால், அதையும் அதன் சால்டரையும் சந்தேகிக்க வேண்டியதுதான். அப்போதும் வழி மாற்றுவது, மறைப்பது அல்ல. சூடேறினால் மின்தடை குறையும் வகைத் தெர்மிஸ்டரை ஷார்ட் செய்தால், எல்லையில்லாத சூடு என்று கணக்கிட்டு செட் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். சூட்டில் திறக்கும் தகட்டு சுவிட்சை ஷார்ட் செய்தால் செட் ஓடும். அதன்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் பொரிந்தால் அநேகமாக ஷார்ட்டாகித்தான் சாகும். துண்டிக்க ரிலே இல்லாத செட்டில் டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். கூடத்தில் கருகல் வாசம் வரும்போது வூஃபர் காயில் போயிருக்கும்.