கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்கள்

விளக்கிற்கு மண்ணெண்ணெய், நீரிறைக்கும் எஞ்சினுக்கு டீசல், அடுப்பிற்கு வாயு, சாலைக்குத் தார் ஆகிய நான்கும் வெவ்வேறு பொருள்களாகத் தோன்றினும் ஒரே தாயின் மக்களேயாம். அத்தாய், பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய். இண்டூர் வட்டாரத்து நெசவாளரும் விவசாயிகளுமான நமது அங்கத்தினர்கள் இவற்றின் தன்மையை அறிந்துகொள்வது, பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்க உதவும்.

அஸ்ஸாமிலுள்ள திக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1901இல் சுத்திகரிப்பாலை தொடங்கப்பெற்றது. சென்னையை அடுத்த மணலியில் 1969இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதன் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இப்பொழுது 105 லட்சம் டன். எனினும், நமது நாட்டிற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. ஆதலால், நமது எஞ்சினில் வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் நாட்டிற்கும் நஷ்டமாகும்.

பிரித்தெடுக்கும் முறை எளிது. கச்சா எண்ணெயை உலையில் ஏறக்குறைய 350 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்துவர். கோபுரத்தின் அடிப்பாகம் சூடாகவும் உச்சி குளிர்ந்தும் இருக்கும். மேலெழும் ஆவியில் ஒவ்வொரு பொருளும், தான் குளிர்ந்து திரவமாகும் உயரத்தில் தங்கிவிடும். உச்சியில் வாயுவும், அதன் கீழ்ப் பெட்ரோலும் நாப்தாவும், அதற்கும் கீழே மண்ணெண்ணெயும், பின்னர் டீசலும் கிடைக்கும். அடியில் எஞ்சுவதிலிருந்து மசகெண்ணெய், மெழுகு, தார் முதலியன பெறப்படும்.

நாப்தாவின் உபயோகம் பலருக்குத் தெரியாது. பாலியெஸ்டர் நூலுக்கும், இக்காலச் சாயங்கள் பலவற்றிற்கும், சொட்டுநீர்க் குழாய்க்கும் மூலப்பொருள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. மணலியில் 1971இல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலை நெடுங்காலம் நாப்தாவைக் கொண்டே யூரியா செய்து வந்தது. தற்பொழுது இயற்கை வாயுவை உபயோகிக்கிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் நூல், சாயம் ஆகியவற்றின் விலையும் ஏறுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இனி, எச்சரிக்கைகள் சில. பெட்ரோலின் ஆவி குளிர்ந்த நிலையிலும் தீப்பற்றும். நல்ல மண்ணெண்ணெயோ சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆகவே, மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் விளக்கும் அடுப்பும் வெடிக்கக்கூடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். நாற்றம் வந்தவுடன் சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறத்தல் வேண்டும். மின்சார விசையைத் தொடலாகாது.

டீசலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுதல் கூடாது. குடிநீர்ப் புட்டிகளில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்தலும் கூடாது. குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுட் புகுந்து உயிருக்கே ஆபத்து விளையும். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இச்செய்தியை எழுத்தறியாத அங்கத்தினர்களுக்கும், வீட்டிலுள்ள பெண்மணிகளுக்கும் ஒவ்வொருவரும் எடுத்துரைத்தல் நலம்.